பாலம் கேட்ட அன்னிக்கு எந்திரிக்காத எங்க தோர்லாக்குக்கு

சாண்ட்விக் ஊரோட செல்லப் பிள்ளையே! ஏரிக்கரை ஜில்லாவுக்கே ஏகபோக எம்.எல்.ஏ.வே! காலையில கடையில காப்பிக்கொட்டை நிறுத்தவரே, மத்தியானம் கவர்மெண்டையே கேள்வி கேட்டு நிறுத்தினவரே! கல்யாணத்துக்குக் கடைசியா வந்தாலும் சாவுக்கு மொத ஆளா வந்து நிக்கிறவரே! பேசத் தெரிஞ்சவரே, அதைவிட நல்லா பேசாம இருந்து எங்க உசுர வாங்கத் தெரிஞ்சவரே! அய்யா தோர்லாக் ஹால்சன் அவர்களே! வணக்கம், வணக்கம்.

ஹால்சன் கடையில மூட்டை தூக்கறவங்கள்லேர்ந்து கணக்குப் புள்ள வரைக்கும், தேர்தல் கமிட்டி ரூம்ல உங்களுக்குக் காப்பி போட்டே கை காய்ச்சுப் போன பொம்பளைங்க வரைக்கும் எல்லாரும் சேர்ந்து, நீங்க பதவிய விட்டு எறங்கற விழாவுக்குக் குடுக்கற மடல் இது. டைப் அடிச்சது நான், வாசிக்கிறதும் நான். கண்ணாடி போட்டுத் தரோம். உங்க வீட்டு நடு ஹால்ல மாட்டுவீங்களோ, மாட்டுக் கொட்டாய்ல மாட்டுவீங்களோ, முழுசாக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

கணக்குப் புள்ள ஒலெக்சா இத எட்டிப் பாத்துட்டு என்னைய அதட்டினான். "அம்மா, பாராட்டு மடல்னா பாராட்டணும். நீங்க என்னமோ கோர்ட்டு விசாரணை மாதிரி அடிக்கறீங்க."

"ரெண்டையும் சேத்துப் பண்ணா காகிதம் மிச்சம்டா"ன்னேன்.

அய்யா, 1907-ல மொத மொதல்ல நீங்க ஜெயிச்சதுலேர்ந்து இந்த வருஷம் வரைக்கும் உங்க ஒவ்வொரு நல்ல காரியத்தையும் நாங்க சந்தேகப்பட்டுத்தான் வாங்கிக்கிட்டோம். அரசியல்வாதிய சந்தேகப்படாத ஊரு வெளங்குமா? என் வீட்டுக்காரர் ஏரியில முழுகிப் போனப்ப பாதிரியாருக்கு முன்னாடி நீங்க வந்து நின்னீங்க. பெட்டிய ஒரு பக்கம் தோள் குடுத்துத் தூக்கினீங்க. அப்ப பொம்பளைக்கு ஓட்டு கிடையாது, அதனால இது ஓட்டுக்காக இல்ல, மனசாரத்தான் வந்திருக்காருன்னு நெனச்சு அழுதேன். ராத்திரி படுத்தப்பறம்தான் உறைச்சுச்சு, எனக்கு வளந்த பையனுங்க நாலு பேரு இருக்கானுங்களேன்னு!

எலெக்ஷன் வந்தா நம்ம ரோட்டோரத்துல ஜல்லி வந்து குமியும். எலெக்ஷன் முடிஞ்சா ஜல்லி நடந்து அடுத்த தொகுதிக்குப் போயிடும். அது உங்க வேலையா, இல்ல தலைநகரம் வின்னிபெக்குல மேல இருக்கறவங்க வேலையான்னு இன்னி வரைக்கும் தெரியல. ஆனா ஒரு தடவ மட்டும் ஜல்லி போகல. லாரிக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே நீங்களும் கடை ஆளுங்களும் மண்வெட்டியோட போயி ரோட்டுல பரப்பிட்டீங்க. அதுக்கு இந்தச் சபையில ஒரு கைதட்டு. தட்டுங்கப்பா.

ஒலெக்சா ஆளுங்க கோயில் வாசல்ல நின்னு அவங்க உக்ரேனிய பாஷையிலயே "பயிரு எப்படி, மாடு எப்படி"ன்னு விசாரிச்சீங்க. ஓட்டுக்குன்னு நெனச்சோம். எலெக்ஷன் முடிஞ்சும் விசாரிச்சீங்க. அடுத்த எலெக்ஷனுக்குன்னு நெனச்சோம். மதுவிலக்கு இருந்த காலத்துல உங்க காப்பிக்கு மட்டும் ஏன் தனி வாசனைன்னும் நெனச்சோம். அதுல எங்களுக்கு இப்பவும் சந்தேகம் தீரல, அது கிடக்கட்டும்.

பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணும்னு சட்டசபையில எந்திரிச்சவங்கள்ல நீங்களும் உண்டு. அங்க ஓட்டுப் போடறதுன்னா எந்திரிச்சு நிக்கிறதுதானே. வேணுங்கறவங்க ஒரு தடவ நிப்பாங்க, வேண்டாங்கறவங்க ஒரு தடவ நிப்பாங்க, தலை எண்ணுவாங்க. நீங்க ஊருக்குத் திரும்பி வந்த அன்னிக்கு கமிட்டி ரூம்ல உங்களச் சுத்தி நின்னு கேட்டோம். "உண்மையச் சொல்லுங்க, உங்க வீட்டம்மா மெரட்டித்தானே எந்திரிச்சீங்க?" நீங்க சக்கரைக் கட்டிய பல்லுல கடிச்சுக்கிட்டு காப்பிய உறிஞ்சினீங்களே ஒழிய பதில் சொல்லல. அதான் உங்க கொணம்.

இப்ப பாலத்துக்கு வரேன். எல்லாரும் அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கீங்க.

நம்ம ஆத்துக்குப் பாலம் கட்ட சபையில தீர்மானம் வந்த அன்னிக்கு ஒலெக்சா வின்னிபெக்குல சபை மாடியில, வேடிக்கை பாக்கறவங்களோட உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தான். சாயங்காலம் டெலிபோன் பண்ணான். "அம்மா, போச்சும்மா. ரெண்டு பக்கமும் சரிசமமா வந்து நின்னுச்சு. சபாநாயகர் வேண்டாங்கற பக்கம் சாஞ்சுட்டாரு."

"நம்மாளு ஓட்டுப் போட்டுமாடா சரிசமம்?"

"நம்மாளு எந்திரிக்கலம்மா."

"கால் மரத்துப் போச்சா?"

"இல்லம்மா. கைய மடியில வச்சுக்கிட்டு மேசையையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. பக்கத்து சீட்டுக்காரரு கோட்டப் புடிச்சு இழுத்தும் அசையல."

உங்க ஒரு தலை எந்திரிச்சிருந்தா பாலம் நமக்கு வந்திருக்கும். ரயில்லேர்ந்து எறங்கினப்ப ஊரே ஸ்டேஷன்ல நின்னுச்சு. நீங்க பெட்டிய எடுத்துக்கிட்டு, "தோத்துப் போச்சு, மறுபடி கேப்போம்"னு சொல்லிட்டு வீட்டுக்கு நடந்துட்டீங்க. ஏன்னு கேட்டதுக்கு ஒரு வார்த்தை கிடையாது. மரக் கம்பெனிக்காரன் கவனிச்சுட்டான்னு ஒருத்தன், படகுத் துறைக்காரன் கவனிச்சுட்டான்னு ஒருத்தன். நாங்க உங்க வீட்டம்மா புதுசா ஒரு தொப்பி வாங்கினாக் கூட அத மூணு பக்கமும் சுத்திப் பாத்தோம்.

அந்தக் கோடையிலயே கட்டியிருக்க வேண்டிய பாலம். கட்டல. அடுத்த பனிக்காலத் தொடக்கத்துல நம்ம மீன் வண்டிக்கார ஸ்டெய்னி எப்பவும் போல மீன் பெட்டி ஏத்தின சறுக்கு வண்டிய ஆத்துப் பனி மேல ஓட்டினான். கீழ நீரோட்டம் அரிச்சிருந்த எடம். ரெண்டு குதிரையும் உள்ள போச்சு. குதிரைங்களப் பூட்டின வாரை அறுத்து விடறதுக்காக அவன் இடுப்பளவு தண்ணியில நின்னு கத்தியோட போராடியிருக்கான். குதிரையும் வரல, வண்டியும் வரல, கால் வெரல்ல பாதியும் வரல. குதிரை இல்லாத மீன் வண்டிக்காரன் என்ன பண்ணுவான்? நீங்க கூப்பிட்டுக் கடையில வேலை குடுத்தீங்க. பின்கட்டுல சூடான அறை, வெறகு, மூணு வேளை சாப்பாடு. குத்தமுள்ள நெஞ்சு கும்பிட்டுக் குடுக்குதுன்னு நாங்க பேசிக்கிட்டோம்.

அப்புறம் மாவு. அறுவடை முடிஞ்சா உங்க பேருக்கு ரயில்ல ஒரு மூட்டை மாவு வர ஆரம்பிச்சுச்சு. பால் மாதிரி வெள்ளை. மூட்டை மேல தெக்குச் சீமை ஆர்ட்லீ ஊரு மில்லோட முத்திரை. ஆர்ட்லீ யாரு தொகுதி? எதிர்க்கட்சி டங்கன் ஃபேர்லியோட தொகுதி! பாலத்துக்கு வரிப்பணம் போகக்கூடாதுன்னு பேப்பர்ல எழுதின அதே ஃபேர்லி. ஸ்டெய்னிதான் நொண்டிக்கிட்டே போயி வருஷா வருஷம் அத எறக்குவான். அடுப்படியில தொப்புன்னு போட்டுட்டு, "இந்தாங்கம்மா, பாலத்தோட வெலை வந்திருக்கு, கேக்கு பண்ணுங்க"ன்னுவான். நாங்களும் பண்ணோம். மாவு என்ன பாவம் பண்ணுச்சு? கமிட்டிக் கூட்டத்துல நீங்க எல்லாரும் சப்புக் கொட்டித் தின்னீங்களே அடுக்கு கேக்கு, அத்தனையும் அந்த மாவுதான். இப்ப மொகத்தச் சுளிக்காதீங்க.

நீங்களே மறுபடி சண்டை போட்டுப் பாலத்தக் கொண்டாந்தீங்க, இல்லேங்கல. இன்னிக்கு இந்த மண்டபத்துக்குப் பாதிப் பேரு அது மேலதான் நடந்து வந்திருக்கீங்க. ஆனா இந்த மடல்ல கையெழுத்துக் கேட்டுப் போனப்ப ஸ்டெய்னி மாட்டேன்னுட்டான். அவன் போடலைன்னா நாங்களும் போட மாட்டோம்னு மூட்டை தூக்கற பசங்க எல்லாம் கையக் கட்டிக்கிட்டானுங்க. கையெழுத்து இல்லாத மடலக் கண்ணாடி போட்டு என்ன பண்றது, ஊறுகாயா?

இந்த நெலமையில போன சனிக்கிழமை கமிட்டி ரூம் கதவத் தட்டற சத்தம். இன்னிக்கு நீங்க எல்லாரும் சாப்பிடப் போற கேக்குக்கு நாங்க பிளம் விழுது தடவிக்கிட்டு இருந்தோம். ஒசரமா ஒரு மனுஷன், தொப்பிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"ஹால்சன் இருக்காரா?"

"இல்ல. நீங்க யாரு?"

"ஃபேர்லி."

"மாவு ஃபேர்லியா?"

"மாவு நல்லா இருந்துச்சாம்மா?"

"மாவுல ஒரு கொறையும் இல்ல. அனுப்பின காரணத்துலதான் எங்களுக்கு சந்தேகம். உள்ள வந்து உக்காருங்க."

காப்பி ஊத்தினேன். விரோதியா இருந்தாலும் காப்பி ஊத்தாம விசாரிக்கறது நம்ம ஜனத்துக்கு வழக்கமில்ல. அவரு கோப்பையத் தொடல. "வரப்போற விழாவுக்கு ஹால் பாதிதான் நெறையும்னு எங்க ஊரு வரைக்கும் பேச்சு வந்துச்சு. அதான் வந்தேன். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்."

சொன்னாரு. இப்ப நான் அதச் சொல்றேன். அவரு சம்மதத்தோடதான் சொல்றேன், அதோ ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காரு பாருங்க. திரும்பிப் பாத்தது போதும், முன்னாடி பாருங்க.

சபையில ஒரு வழக்கம் இருக்காம். ஒருத்தருக்கு வர முடியாத அவசரம்னா எதிர்க்கட்சியில ஒருத்தரப் பாத்து, "நான் திரும்பி வர்ற வரைக்கும் நீங்களும் ஓட்டுக்கு எந்திரிக்காதீங்க"ன்னு கேட்டுக்கலாமாம். ஜோடி சேர்றதுன்னு பேரு. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, வாய் வார்த்தை ஒண்ணுதான்.

ஃபேர்லி சம்சாரம் எஃபி அம்மா ரொம்ப வருஷமா மனநோய் ஆஸ்பத்திரியில இருந்திருக்காங்க. கிழக்க தங்கச்சி வீட்டுல இருக்கான்னு ஊருக்குச் சொல்லி வச்சிருந்தாராம். அன்னிக்குக் காலையில தந்தி. அந்தம்மா ஜன்னல் வழியா எறங்கி, ராத்திரி உடுப்போட பனியில போயிட்டாங்க, தேடிக்கிட்டு இருக்கோம்னு. சொந்தக் கட்சிக்காரங்ககிட்ட சொன்னா எங்க போறே, ஏன் போறேன்னு கேப்பாங்க. சபைப் படிக்கட்டுல எதிர்ல வந்தவரு நீங்க.

"அந்த மனுஷன் எங்க ஏன்னு ஒரு கேள்வி கேக்கலம்மா"ன்னாரு ஃபேர்லி. "'என் பேரு வெளிய வரக்கூடாது, வந்தா நோண்டுவாங்க'ன்னேன். 'போயிட்டு வாங்க, நான் உக்காந்திருக்கேன்'னாரு. மத்தியானம் உங்க பாலம் வரப் போகுதுன்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

நான் விடல. "நீங்க அங்க இருந்திருந்தா?"

"எதிர்த்துத்தான் எந்திரிச்சிருப்பேன். உங்க பாலத்தால என் கோதுமைக்காரங்களுக்கு என்ன லாபம்?"

"நல்லாத்தான்யா பேசறீங்க!"

"நாங்க ரெண்டு பேரும் எந்திரிச்சிருந்தாலும் சரிசமம்தான்மா வந்திருக்கும். ஆனா நான்தான் இல்லையே. அவரு மட்டும் எந்திரிச்சிருந்தா பாலம் உங்களுக்கு. அவரு வாக்க மீறியிருந்தாலும் என்னால அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது, யாருகிட்டப் போயிச் சொல்றது? எஃபி இந்த வசந்தத்துல போயிட்டா. இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு? சொல்லிடுங்க."

வெறகு போட வந்த ஸ்டெய்னி கதவுகிட்டயே நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். நாங்க யாரும் கவனிக்கல.

"அந்த மாவு மூட்டைய வருஷா வருஷம் எறக்கினவன் நான்தான்"ன்னான்.

ஃபேர்லி எந்திரிச்சுட்டாரு. "உங்க குதிரைங்களப் பத்திப் பின்னாலதான் கேள்விப்பட்டேன்."

"என்னத்தக் கேள்விப்பட்டீங்க? அதுங்க பேராவது கேள்விப்பட்டீங்களா?"

"இல்லப்பா."

"ப்ளெசி. கிரானி. இப்பக் கேட்டுக்கங்க." வெறகக் கீழ போட்டான். "வாக்குக் குடுத்தா காப்பாத்தணும், நானும் ஒத்துக்கறேன். ஆனா வாக்கு அவரோடது, குதிரை என்னோடது. அடுத்தவன் குதிரையப் போட்டுத் தன் வாக்கக் காப்பாத்தினவருக்கு நான் எந்த எடத்துல கையெழுத்துப் போடறது?"

ஃபேர்லி, "எனக்குத் தெரியலப்பா"ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு. அந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் அவருக்கு ஆறின காப்பியக் கொட்டிட்டு வேற ஊத்தினேன்.

அய்யா, நான் இதையும் அப்படியே நம்பிடல. ரெண்டு அரசியல்வாதிங்க சேந்தா ஒரு நல்ல கதை கட்ட மாட்டாங்களா என்ன? ஃபேர்லி வண்டி கிளம்பினதும் டெலிபோனச் சுத்தினேன். என் சித்தி மக ரூனா அந்த ஆஸ்பத்திரியில துணி தொவைக்கிற வேலை. ஊருக்கே ஒரே லைன், எவ வேணா எடுத்துக் கேக்கலாம்; கூடவே நாலஞ்சு வீட்டு மூச்சுச் சத்தம். அதனால இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தெரியும். இப்பத்தான் கேக்கற மாதிரி வாயப் பொளந்துக்கிட்டு இருக்கீங்க, நடத்துங்க.

"எஃபி அம்மாவா? ஏன் தெரியாது?"ன்னா ரூனா. "மாசா மாசம் ஒரு ஒசரமான ஆளு வருவாரு. அந்தம்மாவுக்கு அவர அடையாளமே தெரியாது. 'டாக்டரே, என் வீட்டுக்காரர் எப்ப வருவாரு?'ன்னு கேக்கும். 'வந்துடுவாரும்மா'ன்னு சொல்லிட்டு உக்காந்து தலை சீவி விடுவாரு."

"பனியில ஓடிப் போன கதை நெசமா?"

"தண்டவாளத்தோரமாக் கண்டுபிடிச்சாங்க. அந்த உடுப்பு தகரம் மாதிரி வெறைச்சுக் கெடந்துச்சு, நான்தான் வெந்நீர்ல போட்டேன். ஏன்க்கா, யாராவது செத்துட்டாங்களா, இப்பக் கேக்கறே?"

"இல்லடி. ஒருத்தரு ரிட்டையர் ஆகறாரு."

இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது. மரக் கம்பெனியும் இல்ல, படகுத் துறையும் இல்ல. உங்க வீட்டம்மா தொப்பியும் அவங்க சொந்தத் தொப்பிதான். பாலத்த நீங்க விக்கல. அது இந்த மண்டபத்துல இருக்கற ஒவ்வொரு காதுலயும் விழணும்னுதான் நான் சத்தமா வாசிக்கிறேன்.

ஆனா அய்யா, வாக்குக் காத்த வள்ளலேன்னு உங்களத் தூக்கி வச்சுப் பாட எங்களுக்கு வாய் வரல. ஃபேர்லி பேரு வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். "ஒரு மனுஷனுக்கு வாக்குக் குடுத்திருந்தேன், அதுக்கு மேல கேக்காதே"ன்னு ஸ்டெய்னிகிட்ட மட்டும் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? தெனமும் அவன் கையால மூட்டை வாங்கினீங்க. மத்தியானம் ஒரே அடுப்புல காப்பி குடிச்சீங்க. வேலை குடுத்தீங்க, வெறகு குடுத்தீங்க, அறை குடுத்தீங்க. அவன் கேட்டது ஒரு வார்த்தை, அத மட்டும் குடுக்கல. அவன் உங்கள லஞ்சம் வாங்கினவருன்னு நெனச்சுக்கிட்டே உங்க சோத்தத் தின்னான். அது அவனுக்கு எப்படி எறங்கியிருக்கும்னு நீங்க யோசிச்சீங்களா? இல்ல, யோசிச்சுத்தான் இப்ப சீட்டே வேண்டாம்னு எறங்கறீங்களா? இதையும் நாங்க சந்தேகப்படறோம்.

ரூனா சொன்னதையும் ஸ்டெய்னிகிட்ட சொல்லிப் பாத்தேன். தலைய ஆட்டிக்கிட்டான். "ஃபேர்லி வந்து சொல்லிட்டாரு, ரூனா சொல்லிட்டா, நீங்களும் மைக்கு இல்லாமலே ஊருக்குச் சொல்லிடுவீங்க. சொல்ல வேண்டியவரு இன்னும் சொல்லலியேம்மா"ன்னான். அதுக்கப்புறம் மத்த பசங்கள அவனே கூப்பிட்டு, "நீங்க போடுங்கடா, இது எனக்கும் அவருக்கும் நடுவுல"ன்னுட்டான்.

அதனால, எங்க அருமைத் தலைவரே! ஆத்துல அடிச்ச காத்துலயும் அலையிலயும் எங்கள அம்போன்னு விடாதவரே! சபைக்கு இனிமே நீங்க போக வேண்டாம், ஆனா எங்க சந்தேகத்துலேர்ந்து உங்களுக்கு ரிட்டையர்மெண்டு கிடையாது. மூட்டுவலி இல்லாம, கண்ணு மங்காம, பல்லு போனாலும் சக்கரைக் கட்டிய ஈறுலயாவது கடிச்சுக் காப்பி குடிச்சுக்கிட்டு, பேரன் பேத்தி அவங்க புள்ளைங்கன்னு எல்லாரையும் பாத்து, ரொம்ப காலம் நல்லா இருக்கணும். உங்க வீட்டம்மாவும் நெனச்சப்ப நெனச்ச தொப்பி வாங்கிக்கிட்டு உங்க கூடவே நல்லா இருக்கணும். இது நாங்க மனசார வேண்டிக்கறது, இதுல மட்டும் சந்தேகம் வேண்டாம்.

நான் வாசிச்சு முடிச்சதும் காப்பி ஊத்த மாட்டோம். மொதல்ல நீங்க பேசணும். ஸ்டெய்னி கணப்புக்குப் பக்கத்துல மொத பெஞ்சுல உக்காந்திருக்கான். அவனப் பாத்துப் பேசுங்க. ஊருக்குக் கேக்கலைன்னாலும் பரவாயில்ல.

சாண்ட்விக், 1929, அறுவடை முடிஞ்ச மாசம்.

இப்படிக்கு,

சிக்கா, கமிட்டி அடுப்படி, மடல் டைப் அடிச்சவ
ஒலெக்சா, கணக்கு
கமிட்டிப் பொம்பளைங்க எல்லாரும், ஆளுக்கொரு கையெழுத்து
மூட்டை தூக்கற பசங்க எல்லாரும், எழுதத் தெரியாதவன் மீன் படம் போட்டிருக்கான்
ஸ்டெய்னி: எடம் விட்டிருக்கு. பேனா அவன் சட்டைப் பையில இருக்கு.